அடுப்பு கேட்ட கேள்வி

ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் பெரிய அடுப்பு ஒன்று இருந்தது. தான் எரிந்தால்தான் எல்லாம் நடக்கும் என்பது அதன் நினைப்பு. சரக்கு முதல் வண்டி வரை எல்லாவற்றையும் கவனிக்கவென்று கணினியில் புதிதாக வந்திருந்த மென்பொருளை அது மதிக்கவேயில்லை.

ஊர் வெள்ளத்தில் மூழ்கிய அன்று, நிவாரண முகாமிலிருந்து ரொட்டி கேட்டு ஆள் வந்தார்.

"மாவைக் கொண்டா!" என்று அடுப்பு உறுமியது.

"கூரை ஒழுகி ஈஸ்ட் எல்லாம் நனைஞ்சு போச்சே" என்று கிடங்கு அழுதது.

"பாலத்து வழிய அடைச்சிட்டாங்க" என்று வேன் முனகியது.

"அண்ணே, ரொட்டி வேணாம், பிஸ்கட் போடுங்க" என்றது மென்பொருள். "அதுக்கு ஈஸ்ட் தேவையில்ல. வேண்டிய மாவும் சர்க்கரையும் வெண்ணெயும் மறுபக்கத்துத் தட்டுல நனையாம இருக்கு. வேன் மலைப்பாதையில போகட்டும். மத்தியானம் கிளம்பினா இருட்டுறதுக்குள்ள போய்ச் சேர்ந்துடலாம்."

அப்படியே நடந்தது. முகாமில் பிள்ளைகள் வயிறாரச் சாப்பிட்டதை வேன் வந்து சொன்னபோது அடுப்புக்கு நெஞ்சு நிறைந்தது.

"உட்கார்ந்த இடத்துல இருந்தே இதெல்லாம் உனக்கு எப்படிப்பா தெரியுது?" என்று மென்பொருளைக் கேட்டது.

"தினமும் எல்லாரையும் விசாரிக்கிறேன் அண்ணே. வேற வித்தை ஒண்ணுமில்ல."

அடுப்பு, இத்தனை வருஷமாகப் பக்கத்துச் சுவருக்கு அந்தப்புறமே இருந்த கிடங்கிடம் மெல்லக் கேட்டது: "ஏம்மா, உன் கூரை எந்தப் பக்கம் ஒழுகுது?"