வாத்தியாரைக் கூப்பிடுங்க!

"பத்தாங்கிளாஸ் பொண்ணு. கணக்குல பதினொண்ணு, அறிவியல்ல ஒன்பது!" தலைமையாசிரியை விடைத்தாள்களை நீட்டினார்.

அப்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "புள்ளைய ஏன் மேடம் குத்தம் சொல்றீங்க? சொல்லித் தர்றவங்க லட்சணம் அப்படி! ரெண்டுக்கும் வாத்தியார் யாரு? கூப்பிடுங்க அந்த ஆளை!"

"அந்த வாத்தியார் நாற்காலிக்கு மாறி உக்காருங்க."

அவர் மாறி உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார்.

"வீட்டுலயே படிக்க வைக்கலாம்னு சொன்னதே நீங்கதான். ரெண்டு வாரமா தலைவலின்னு டிமிக்கி குடுத்தா எப்படி? இனிமே பாடம் நான் எடுக்கிறேன். சமையல் உங்க பொறுப்பு!" வீட்டுப் பள்ளிக்குத் தலைமையாசிரியையான மனைவி, கரண்டியை அவர் கையில் திணித்தாள்.

சோபாவில் படுத்திருந்த மகள் அப்பா கையில் கரண்டியைப் பார்த்ததும் பதறி எழுந்தாள். "அம்மா, நான் ஃபெயிலானாலும் பரவாயில்ல. அப்பாவே பாடம் எடுக்கட்டும்!"