சர்பத் கடை இன்டர்வியூ

"வாங்க ஆபீசர் சார்! உங்க கார் கம்பெனியில எனக்கு ஒரு வேலை போட்டுக் குடுங்களேன்!"

சர்பத் கடைக்குள்ளிருந்து வந்த பெண் குரலில் கிருபாநிதி திடுக்கிட்டுப் போனார். குனிந்து தன்னையே ஒரு தடவை பார்த்துக்கொண்டார். கழுத்தில் அடையாள அட்டை, நீலச் சட்டையில் கொட்டை எழுத்தில் கம்பெனி பெயர். சரிதான், அதைப் பார்த்துத்தான் கேட்கிறாள்.

தூத்துக்குடியில் புதிதாக வந்திருக்கும் கார் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கிற பொறுப்பு அவருடையது. சென்னையிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. உடன்குடிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் பேசிவிட்டுத் திரும்புகிற வழியில், குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மன் கோயில் தசராவுக்குக் காளி வேஷமும் குரங்கு வேஷமும் கட்டிக் காணிக்கை எடுக்கிற கூட்டத்துக்கு நடுவே கார் மாட்டிக்கொண்டது. உள்ளே உட்கார்ந்து வேகுவானேன், ஒரு சர்பத் குடிக்கலாம் என்று இறங்கினால் இங்கேயும் வேலை கேட்டு ஆள்!

"என்னம்மா படிச்சிருக்க?"

"டிப்ளமோ மெக்கானிக்கல் சார். பேரு சந்தனமாரி. உங்க கம்பெனிப் பரீட்சை எழுதிப் பாஸாயிட்டேன். நாளைக்கு இன்டர்வியூ."

"அட, அப்ப நாளைக்குப் பார்ப்போம்னு சொல்லு!"

"நான் வரலை சார்." எலுமிச்சம்பழத்தை நறுக்கென்று வெட்டினாள். "இதுக்கு முன்னால ரெண்டு கம்பெனிக்குப் போனேன். ஆபீசரைப் பார்த்ததும் நாக்கு மேலண்ணத்துல போய் ஒட்டிக்கிட்டு. பேரு கேட்டதுக்கே முழிச்சேன். எங்கப்பா திட்டுனாவ, எங்கம்மா அழுதா. கார் செய்யுத வேலைன்னா எனக்கு உசுரு சார். அதுக்காக மூணாவது தடவையும் போய் அசிங்கப்பட முடியுமா?"

"என்கிட்ட மட்டும் நல்லாத்தானே பேசுற?"

"உங்ககிட்ட என்ன சார் பயம்!" என்று கலகலவென்று சிரித்தாள்.

கிருபாநிதிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வந்த நாளிலிருந்து அவர் முன்னால் உட்கார்ந்த பிள்ளைகள் எல்லாம் பிடித்து வைத்த பிள்ளையார்தான். வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்குவதற்குள் அவருக்குத் தாவு தீர்ந்துவிடும். இந்தப் பெண்ணை நாளைக்கு வரவிடாமல் செய்கிற பயத்தை நினைத்து அவருக்கே கோபம் வந்தது.

"சரி, நான் கேள்வி கேட்கிறேன். பதில் சொல்றியா?"

"கேளுங்க சார், கேளுங்க! நிசமான இன்டர்வியூல கேக்க மாதிரியே கேக்கணும்!"

"எட்டு மணி நேரம் நின்னுக்கிட்டே வேலை பார்க்கணும். முடியுமா?"

"தசரா முடியுத வரைக்கும் இந்தக் கடையில உக்கார ஸ்டூலே கிடையாது சார். எட்டு மணி நேரம்தானா? மிச்ச நேரம் நான் என்ன செய்ய?"

"சுத்தி ஆம்பளைப் பசங்களா இருப்பாங்க. பயமா இருக்காதா?"

"அதை நீங்க அவனுவகிட்டதான் கேக்கணும்."

சர்பத் குடிக்க நின்ற நாலைந்து பேரும் கொல்லென்று சிரித்தார்கள். கிருபாநிதியும் சிரித்துவிட்டார். ஆனாலும் விடவில்லை.

"ஒரு போல்ட்டை நீ சரியா முறுக்கலையோன்னு உனக்கே சந்தேகம். அதுக்குள்ள கார் அடுத்த ஆள்கிட்ட நகர்ந்துடுச்சு. என்ன செய்வ?"

"கூப்பாடு போட்டு லைனை நிறுத்துவேன்."

"மொத்த லைனும் நின்னுடும். சூப்பர்வைசர் கண்டபடி திட்டுவாரே?"

"திட்டிட்டுப் போறாவ. திட்டு வாங்குதது எனக்கென்ன புதுசா? அந்தக் காருல ஒரு குடும்பம் பிள்ளைகுட்டியோட போகும்லா சார்? என் கழுதைத்தனத்துக்கு அதுக ஏன் சாகணும்?"

"தப்புப் பண்ணினது நீதான்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போயிடுமே?"

"தெரியட்டும். நாந்தான்னு முதல்ல நானே சொல்லிருவேன். மறைச்சு வச்சா எனக்குச் சோறு இறங்காது."

கிருபாநிதி குடிக்க மறந்து, கிளாஸைக் கையில் பிடித்தபடியே நின்றார். இந்த ஒரு பதிலுக்காக அவர் எத்தனை பேரிடம் தொண்டை வறள இதே கேள்வியைக் கேட்டிருப்பார்! துள்ளிக் குதிக்காத குறைதான். கிளாஸைப் பலகையில் வைத்துவிட்டு போனை எடுத்தார்.

"ஹலோ, ரம்யா? நாளைக்கு வர வேண்டியவங்கள்ல சந்தனமாரின்னு ஒரு பொண்ணு... ஆமா, குலசேகரன்பட்டினம். இன்டர்வியூவை நான் இங்கேயே முடிச்சிட்டேன். செலக்டட்! இப்பவே அந்தப் பொண்ணுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லிடுங்க."

சந்தனமாரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் ஒரே துள்ளு.

"ஏ முத்தாரம்மா! எனக்கு வேலை கிடைச்சிட்டு! கார் கம்பெனியில வேலை கிடைச்சிட்டு!"

கடையே அதிர்ந்தது. நின்றவர்கள் எல்லாம் கைதட்டினார்கள். ஒரு பெரியவர் விசிலே அடித்துவிட்டார். ஆள் எடுக்கிற வேலையில் இத்தனை வருஷம் இருந்தும் இப்படி ஒரு சந்தோஷத்தைக் கிருபாநிதி பார்த்ததில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"சர்பத்துக்கு எவ்வளவும்மா?"

"நல்லா கேட்டீங்க போங்க, உங்ககிட்ட போய்க் காசு வாங்குவேனா?" என்றவள், கல்லாவிலிருந்து ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்து அவர் கையில் வைத்துப் பயபக்தியோடு கும்பிட்டாள்.

"அம்மனுக்கு என் காணிக்கை சார். காலையிலேருந்து போலீஸ் வேஷம் வந்திட்டு, டாக்டர் வேஷம் வந்திட்டு, கலெக்டர் வேஷம்கூட வந்திட்டு. கார் கம்பெனி ஆபீசர் வேஷம் கட்டி வந்தது நீங்கதான் முதல் ஆளு! அதுலயும் கடைசியில போன் பேசுத மாதிரி நடிச்சீங்க பாருங்க, ஒரு நிமிசம் நானே நம்பிட்டேன்!"

கல்லாவுக்குப் பக்கத்தில் கிடந்த அவளுடைய போன் அடிக்கத் தொடங்கியது.