மூன்றாவது கவுன்டர்

"என்ன இப்படி மூச்சு வாங்குது? எங்க இருக்கீங்க?" என்றாள் மனைவி போனில்.

"வேலையா இருக்கேன். அப்புறம் பேசு."

போகிற வழியில் சின்னச் சின்ன வேலைகள் செய்தால் காசு தரும் ஒரு ஆப்பில், வட்டாரத்திலேயே அவருக்குத்தான் முதலிடம். கடை அலமாரியில் குறிப்பிட்ட சோப்பு இருக்கிறதா என்று பார்த்துச் சொன்னார். பஸ் நிறுத்த விளக்கைப் படம் எடுத்து அனுப்பினார். உடனே அடுத்தது வந்தது: 'குடிநீர் வாரிய அலுவலகம், மூன்றாவது கவுன்டர். சீட்டில் ஆள் இருக்கிறாரா? படம் தேவை.'

வேறு யாரும் முந்திக்கொள்வதற்குள் விழுந்தடித்து ஓடினார். வரிசை வாசல்வரை நீண்டிருந்தது.

"காலையிலேர்ந்து கால் கடுக்க நிக்கிறோம். சீட்ல ஆளே இல்ல," என்றார் முன்னால் நின்றவர்.

"ரொம்ப நல்லது. கொஞ்சம் தள்ளுங்க, நாற்காலி மறையுது."

படம் போனது. ஐந்து நட்சத்திரம் வந்தது. பக்கவாட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனவர், அதே நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்தார்.

"ம், யாரு முதல்ல?"

மேஜை போன் அடித்தது. தலைமை அலுவலக அதிகாரி.

"சீட்ல இல்லாம எங்கய்யா சுத்தப் போனீங்க? இங்கதான் இருந்தேன்னு கதை விடாதீங்க. யாரோ ஒரு புண்ணியவான் ஓடிப்போய்ப் படமே எடுத்து அனுப்பியிருக்கார்."