முன்பே அடித்த வார்த்தை

கோர்ட் வாசல் புங்கமரத்தடியில் மனுக்கள் தட்டச்சு செய்பவன் நான். விபத்து வழக்கென்றால், ஆள் வாய் திறக்கும் முன்பே ‘இன்அட்வர்ட்டென்ட்லி’ என்ற ஆங்கில வார்த்தையை அடித்துவிடுவேன். முப்பது வருடப் பழக்கம்.

அன்று வந்தவர் தண்ணீர் லாரி டிரைவர் செல்லக்கண்ணு. லாரியைப் பின்னால் எடுக்கையில் ஒரு குழந்தைமேல் ஏற்றிவிட்டவர். தாளில் அந்த நீளமான வார்த்தையை விரலால் தொட்டு, “இது என்னங்க?” என்றார்.

“லத்தீன்லருந்து வந்தது. மனசு அந்தப் பக்கம் திரும்பவே இல்லைன்னு அர்த்தம்.”

அவர் விரலை எடுக்கவில்லை.

“திரும்புச்சுங்களே. கண்ணாடியில புள்ளையப் பாத்தேன். செவப்புக் கொடத்த வெச்சுக்கிட்டு நின்னுச்சு. ஆரன் அடிச்சா நகந்துடும்னு நெனச்சேன்.”

“அடிச்சீங்களா?”

“நகந்துடும்னுதாங்க நெனச்சேன்.”

கார்பன் வைத்து நான்கு தாள். நான்கிலும் வார்த்தை பதிந்துவிட்டது. அடித்தல் திருத்தல் இருந்தால் கோர்ட்டில் வாங்க மாட்டார்கள். தாள்களை உருவி, பேனாவைத் திறந்து நீட்டினேன்.

அவர் வாங்கிக்கொண்டார். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை எதையோ தேடினார்.

“புள்ள பேரு இதுல எங்கங்க இருக்கு?”

நான் அதைக் கேட்டிருக்கவே இல்லை.