இன்னாசியின் ஆல்புமின்

1969 ஜூனில் ஒரு காலை, லூர்தம்மாள் ராயபுரம் ரத்தப் பரிசோதனை நிலையத்து மேசையில் சீட்டை அறைந்தாள்.

"எம் புருசன் இன்னாசிய அடக்கம் பண்ணி நாப்பது நாளாவுது. போன வெள்ளிக்கெழம ரத்தம் எடுத்தேன்னு எழுதிக்கீறியே, இன்னாய்யா இது?"

லேப்காரர் நிதானமாகப் படித்தார். "ஆல்புமின்றது ரத்தத்துல கீற புரதம்மா. மூணரைக்குக் கொறஞ்சா கால் வீங்கும். ஈஸ்டரப்போ ரெண்டு இருந்துச்சு. இப்போ நாலு. நார்மல்."

தினம் முட்டை கொடு, உப்பு கூடாது என்று அப்போது டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் முட்டைக்கு வழியில்லை. இன்னாசி போன பிறகுதான், மனசு கேட்காமல், தினமும் உப்பில்லாத அவித்த முட்டை ஒன்றைக் கல்லறையில் வைக்கிறாள். யாருக்கும் தெரியாது.

"செத்தவனுக்கு இன்னாய்யா நார்மலு?"

"நடந்துதான் வந்தாரும்மா. வீக்கமே இல்ல. இனிமே முட்டையில உப்பு போடலாமான்னு கேட்டாரு. போடலாம்னேன்."