ஓடும் மரங்களும் நின்ற முகமும்

அப்பாவின் முகத்தைப் பார்க்க இன்றைய விலை அரை டம்ளர் தேநீருக்குக்கூடக் காணாது. அந்த மலிவில்தான், ரயில் ஜன்னலுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருக்கும் கைபேசி நிறுவனத்து இன்ஜினியர், வீடியோவில் அவரைப் பார்க்கிறான். இடுப்பெலும்பு முறிந்து அப்பா படுத்திருக்கிறார். பக்கத்தில் கலைந்த தலையோடு அக்கா. ரயில் ஓட ஓட, ஒரு டவர் அவனை அடுத்த டவரிடம் ஒப்படைக்கிறது. அந்தக் கைமாற்றில்தான் பேச்சு அறும், படம் நின்றுபோகும். இந்தத் தடத்தில் இனி அப்படி ஆகாதபடி சரிசெய்தவனே அவன்தான். இன்று சோதனைப் பயணம். "பத்து நாள் வந்து அப்பாகூட இருடா. என் முதுகு ஒடிஞ்சே போச்சு," என்கிறாள் அக்கா. அவன் பழைய வித்தையை எடுக்கிறான்: வாயைப் பாதி திறந்து, இமை கொட்டாமல், படம் நின்றுபோனதுபோல் சிலையாகிறான். எதிர் இருக்கைக்காரர் தேநீரை வாய்வரை கொண்டுபோய் அப்படியே பார்க்கிறார். "ஏன்டா, உன் பின்னால மரமெல்லாம் ஜோரா ஓடுது. நீ மட்டும் எப்படிடா நின்னுபோன?" அக்காவின் குரல் தெள்ளத் தெளிவாகக் கேட்கிறது. "விடும்மா, அவனுக்கு டவர் கிடைக்கல போல," என்று அப்பா மகனுக்காகப் பொய் சொல்கிறார். அவனுக்குக் காதுமடல் சுடுகிறது. இமைத்தால் மானம் போகும்; இமைக்காத கண்ணிலோ நீர் முட்டுகிறது. மடியிலிருக்கும் கணினியில் சோதனைக் கணக்கு பச்சை எழுத்தில் ஏறிக்கொண்டே இருக்கிறது: டவர்கள் எல்லாம் சரியாகக் கைமாற்றியிருக்கின்றன, அறுந்த அழைப்பு ஒன்றுகூட இல்லை. அக்காவுக்குச் சொல்ல வேண்டிய பதில் மட்டும் பாக்கி.