அந்தோனியம்மா நல்லமெண்டு சொன்ன படங்கள்

"இந்தப் படத்தை அந்தோனியம்மாக்கா பாத்திட்டாவோ?"

சீடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே றஞ்சினி கேட்டாள். றெக்சனுக்குச் சுள்ளென்றது.

"நான் பாத்திட்டன். நான் சொல்லுறன், கேளுங்கோ. இந்த வருசம் வந்த பெரிய படங்களில இதுதான் முதலாவது. இடைவேளைக்கு முன்னால ஒரு சண்டை வருது. கமராவை எங்க வச்சு எடுத்தாங்கள் எண்டு ரெண்டு தரம் போட்டுப் பாத்தும் எனக்குப் பிடிபடேல்லை. பிறகு கொஞ்சம் இழுவைதான். ஆனா வில்லன் வந்தாப் பிறகு..."

"அது சரி தம்பி. அவ என்ன சொன்னவ?"

சண்டை முடிந்து சனம் ஓலைத்தொடுவாய்க்குத் திரும்பி வந்து, தகரக் கொட்டில்கள் ஒவ்வொன்றாகக் கல்வீடாகிக்கொண்டிருந்த காலம். சந்தியில் றெக்சன் சீடிக் கடை போட்டு இரண்டு வருடமாகியிருந்தது. படமென்றால் அவனுக்கு உயிர். வருகிற படத்தையெல்லாம் முதலில் தானே பார்ப்பான். எது நல்லது, எது ஊதிப் பெருப்பித்தது என்று தாளில் எழுதிக் கடைச் சுவரில் ஒட்டுவான். அவனைக் கேட்காமல் ஊரில் ஒருவரும் படம் வாடகைக்கு எடுத்ததில்லை.

எல்லாம் அந்தோனியம்மா வரும் வரைக்கும்தான்.

பத்தொன்பது வருடம் இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் இருந்துவிட்டு, ஒரு பெட்டியோடு தனியாக வந்து இறங்கியவள் அவள். றெக்சனின் கடைக்கு அருகிலேயே கருவாடு விற்றாள். புதுப்படம் வந்த அன்றைக்கே வாங்கிக்கொண்டு போவாள். மறுநாள் கருவாட்டை நிறுத்தபடியே, கேட்டவர்களுக்கு ஒற்றை வரியில் சொல்லுவாள்.

உலகமே கொண்டாடிய படத்தை, "அது வீண் படம். முழுக்கக் காடும் மலையும்தான். ஆக்களே இல்லை" என்றாள். இரண்டு நாள் கூட ஓடாத படத்துக்கு, "அருமையான படம். தேர்த்திருவிழா ஒண்டு வருது. ஆறுதலா, மெதுவாக் காட்டுறாங்கள்" என்றாள்.

திருவிழாவும் கலியாண வீடும் வருகிற படம் பிள்ளைகுட்டிகளோடு இருந்து பார்க்கத் தோதானதுதான் என்று ஊர்ப் பெண்கள் அவளை நம்பினார்கள். றெக்சன் சுவரில் ஒட்டிய தாள்கள் மஞ்சளாகிக்கொண்டு போயின. அவனுடைய மனைவி கிருசாந்தினியே ஒருநாள், "அக்கா நல்லமெண்டு சொன்ன படத்தை எங்களுக்கும் கொண்டு வாங்கோவன்" என்று கேட்டுவிட்டாள். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனான்.

அன்று றஞ்சினி சீடியை எடுக்காமலே திரும்பியதும் அவனால் பொறுக்க முடியவில்லை. அடுத்த படம் வரட்டும் என்று இருந்தான்.

அந்தப் படம் வந்தது. வழக்கம்போல அந்தோனியம்மா கொண்டுபோனாள். மறுநாள் காலை அவளிடம் கருவாடு வாங்க நாலைந்து பேர் நின்ற நேரம் பார்த்து றெக்சன் போனான்.

"என்னக்கா, படம் எப்பிடி?"

"நல்ல படம் தம்பி. ஒரு பாட்டுக்கு ஐந்நூறு பேரெண்டாலும் நிக்கினம். சீடியை இன்னும் ரெண்டு நாள் வச்சிருக்கட்டோ?"

"வச்சிருங்கோ. கதாநாயகன் அதில என்ன வேலை செய்யிறான்?"

அவள் தராசைப் பார்த்தாள். "கவனிக்கேல்லை."

"தங்கச்சியைக் கொலை செய்தது ஆரெண்டு கண்டுபிடிச்சானோ?"

"தங்கச்சி ஒண்டு இருந்ததோ?"

நின்றவர்கள் சிரித்தார்கள். கிழவர் பஸ்தியாம்பிள்ளை, "இவவின்ர சொல்லைக் கேட்டோ இவ்வளவு நாளும் படம் பாத்தனாங்கள்?" என்றார். அந்தோனியம்மா கருவாட்டைச் சுற்றிக் கொடுத்தாள்.

றெக்சனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஆனால் குளிர்ச்சி மத்தியானம் வரைக்கும் நிற்கவில்லை. பின்னேரம் மூன்று மணிக்கு, இவள் படம் பார்ப்பதே பொய், கையும் களவுமாகப் பிடித்து ஊருக்குச் சொல்லவேண்டும் என்று சைக்கிளை எடுத்தான்.

அவள் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. வாசலில் நின்றபடி உள்ளே பார்த்தான்.

அவள் படம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் இல்லை. தொலைக்காட்சிக்கு ஒரு சாண் தூரத்தில், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிலத்தில் குந்தியிருந்தாள். படம் அசையாமல் நின்றது. முன்னால் கதாநாயகன் இரண்டு கைகளையும் விரித்தபடி ஆட்டத்தின் நடுவில் நின்றான். அவனுக்குப் பின்னால் வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கான பெடியள். அவள் விரல் ஒவ்வொரு முகமாகத் தொட்டுத் தொட்டுப் போனது. பிறகு படத்தைக் கொஞ்சம் ஓடவிட்டாள். மறுபடி நிறுத்தினாள். மறுபடி விரல்.

"என்னக்கா செய்யிறீங்கள்?"

"வா தம்பி. சீடிக்கோ வந்தனி? தாறன். இன்னும் ரெண்டு வரிசைதான் கிடக்கு."

"ஆரைத் தேடுறீங்கள்?"

"என்ர மகன் டிலக்‌ஷனை. முகாமில இருந்து மெட்ராசுக்குப் பெயின்ற் அடிக்கிற வேலைக்கெண்டு போனவன். ஆறு வருசமாத் தகவல் இல்லை. படங்களில கூட்டத்தோட நிக்கிற வேலைக்குப் போறானாம் எண்டு, அவனைக் கண்ட பெடியன் ஒருத்தன் வந்து சொன்னவன்."

றெக்சன் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் போய்க் குந்தினான். அவள் திரும்பவில்லை. கதாநாயகனின் முழங்கைக்குப் பின்னால் பாதி தெரிந்த ஒரு முகத்தில் அவள் விரல் நின்றிருந்தது.

"இந்த மனிசன் கையை ஒருக்காக் கீழ பதிச்சானெண்டா, இது அவனோ எண்டு பாத்திடுவன் தம்பி."